மாவு பூசும் ஆட்டம்

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு ஆர்னெல் எழுந்து மூன்று நாளாகிவிட்டதுபோல் இருந்தது. அடக்கம் முடியும்வரை துக்கக்காரன் வெளிக்கதவைத் தாண்டக் கூடாது. போகிறவர்களை வழியனுப்பவும் கூடாது. தெருமுனைவரை ஒருமுறை நடந்துவிட்டு வந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. அழுகை வரவில்லை. மாமியார் கொரிங் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

காவல் இருப்பவர்கள் கண்ணயராமலிருக்க முற்றத்துப் பந்தலில், பெட்டிக்கு எதிரே, ஆட்டம் நடந்தது. ஒருவர் சினிமாப் பெயர் சொல்ல வேண்டும், அடுத்தவர் புத்தகப் பெயர். மூன்றாமவர் இரண்டையும் கலந்து புதுப் படத்துக்குப் பெயர் வைக்க வேண்டும். தோற்றால் முகத்தில் மாவு. இந்தத் தெருவின் சாவு வீடுகளில் அவன் மனைவி லிகாயா தோற்றதே இல்லை. இப்போது பெட்டியின் கண்ணாடி மூடிக்கு அடியில் கிடந்தாள்.

"பேய்க் கணவனுக்கு வீட்டு வைத்தியம்!" என்று கலந்து சொன்னாள் கடைக்காரி பசிங். பந்தல் குலுங்கியது.

அடுத்த சுற்றுக்குச் சினிமாப் பெயர் சொல்ல வேண்டியது ட்ரைசைக்கிள் ஓட்டும் தெமியோங். "மணமகள் மறுபடி வருவாள்" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எருமை! எங்க வந்து எதச் சொல்ற?" பசிங் அவன் முதுகில் அறைந்தாள்.

"பழைய படம்க்கா... வாயில வந்துருச்சு."

வீட்டுக்குள்ளிருந்து கொரிங்கின் குரல் வந்தது. "முட்டைக்கோழி வளர்ப்பு. புத்தகம் நான் சொல்லிட்டேன். மாப்ள, நீ கலக்கு."

"வேணாம் அத்த."

"என் மக இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பா. அவ வீட்லயே அவ ஆட்டம் தோக்கணுமா?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். சொன்னால் கல்நெஞ்சன். சொல்லாவிட்டால் அவளைத் தோற்கவிட்டவன். எழுந்து போகலாமென்றால் போக இடமில்லை.

"மணமகள் மறுபடி முட்டையிடுவாள்" என்றான், பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல.

முதலில் சிரித்தது கொரிங்தான். பிறகு பந்தல். தெமியோங் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ஆர்னெலுக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் மேல் கவிழ்ந்தான். மற்றவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக ஓய்ந்த பிறகும் அவனுடையது நிற்கவில்லை. அதன் சத்தம் மட்டும் மாறிக்கொண்டே போனது.

கொரிங் ஓடிவந்தாள். "கண்ணீர் கண்ணாடியில விழக் கூடாதுப்பா. அவளுக்குப் பாரம்."

தலையைத் தூக்க முயன்றான். கழுத்து கேட்கவில்லை. அவனுடைய தாடைக்கும் லிகாயாவின் முகத்துக்கும் நடுவே கொரிங்கின் உள்ளங்கை, குழித்து, ஏந்தியபடி நின்றது.