லால்பாக்கில் மேய்ந்த ஆடு

சூசைநாதனுக்கு லால்பாக் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் மனைவி அமலராணி நினைத்திருந்தாள். பீங்கான் கம்பெனியில் ரிட்டயர் ஆனதிலிருந்து மனுஷன் வெயில், மழை, பனி என்று ஒரு காலம் விடாமல், லால்பாக் தோட்டத்து மரங்களைப் பார்க்கப் போகிறேன் என்று விருத்தாசலத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறினார். கூட வருகிறேன் என்றால் மட்டும், "உன் முட்டிக்கு அந்தப் பாறையெல்லாம் ஏற முடியாதுடி" என்று வாயை அடைத்துவிடுவார்.

"மரம் பாக்க எவனாவது பெங்களூரு போவானா? அங்க எவளோ இருக்கா" என்று பக்கத்து வீட்டு ராஜம்மாள் கொளுத்திப் போட்டாள். அவ்வளவுதான். இந்தத் தடவை அவருக்குத் தெரியாமல் அதே ரயிலில் கடைசிப் பெட்டியில் ஏறி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள் அமலராணி.

லால்பாக்கில், தூறலில் கண்ணாடி மாளிகையைத் தாண்டி நடந்தார் சூசைநாதன். ஒரு மரத்தையாவது ஏறெடுத்துப் பார்க்க வேண்டுமே! ஏரிக்கரை பெஞ்சிலிருந்து ஒரு பெண் குடையோடு எழுந்தாள். வசமாக மாட்டினார் என்று அமலராணி பல்லைக் கடித்தாள். குடை விலகியது.

லிசா! பெற்ற மகள்.

மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல், ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அன்றைக்கு இருதய ஆண்டவர் படத்தின் மேல் அமலராணியின் கையை வைத்து, 'இனிமே அவகிட்ட பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்று உறுமியவர் இதே சூசைநாதன்தான். அந்தச் சத்தியத்துக்குப் பயந்து, மகள் போன் செய்தபோதெல்லாம் கட் பண்ணிவிட்டு அழுதவள் அமலராணி.

பெஞ்சடியில் ஒரு பெண்குழந்தை பீங்கான் ஆடு ஒன்றைப் புல்லில் மேய்த்துக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற ஆடு. அதன் காதைப் பசை வைத்து ஒட்டியதே அமலராணிதான். போன டிசம்பரில், 'கை தவறி ஒடஞ்சிடுச்சு, குப்பையில போட்டுட்டேன்' என்றாரே பாவி மனுஷன்! பேத்தி பிறந்ததுகூட அவளுக்குத் தெரியாது.

முன்னால் போய் நின்றாள். சூசைநாதன் பேயறைந்தவர் போல ஆனார்.

"அம்மா! இப்பவாவது மனசு எறங்குச்சா?" லிசா கதறினாள். "ஒவ்வொரு தடவையும் அப்பாகிட்ட கேப்பேன். உங்கம்மா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறான்னு சொல்லுவாரு."

அமலராணிக்கு, எவளோ ஒருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"சத்தியம் வாங்கினவனே மீறிட்டேன்னு உங்கிட்ட எப்புடி சொல்றது, ராணி..." என்றார் சூசைநாதன்.

அமலராணி குழந்தையை ஆட்டோடு வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாக் காலமும் நீங்க பாத்தாச்சுல்ல? நீங்க மட்டும் கெளம்புங்க. ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். "ஊருல யாராவது கேட்டா, அமலராணி லால்பாக்குல மரம் பாக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க."