பேர் வாசிக்காதீங்க, வெண்டெல்

வெண்டெலைப் பத்தி யாராவது குறை சொன்னா எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். அந்த மனுஷனைக் குறை சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான். அவரு நடத்துற பன்னிரண்டாம் சேனல்ல வருஷக்கணக்கா சம்பளம் வாங்காம ஃபோன் எடுக்கிறவ நான். மத்த நேரத்துல ஸ்கூல் பஸ் ஓட்டுறேன்.

எங்க சேனல் எந்த முதலாளியோடதும் இல்ல. மினசோட்டாவோட வட கோடியில இருக்கிற எங்க எல்லாரோடதும். விளம்பரம் கிடையாது. காலையில குழந்தைங்களுக்கு, ராத்திரி பெரியவங்களுக்கு, நடுவுல சாயங்காலம் ஆறு மணிக்கு வெண்டெல். முதல்ல வானிலை சொல்வாரு. அப்புறம் ஏரிங்க. எந்த ஏரியில ஐஸ் எத்தனை அங்குலம், எங்க நடக்கலாம், எங்க வண்டி இறக்கலாம், எங்க காலே வைக்கக் கூடாது. யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்ற ஆள் இல்ல. தானே போய் ஐஸைத் துளைச்சு, குச்சியை விட்டு அளந்து பார்த்துட்டு வந்து சொல்வாரு. மீசையில உறைஞ்ச பனி உருகிச் சொட்டும், அவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டிருப்பாரு. அதைப் பார்க்கிறப்பல்லாம் எனக்குப் பெருமையா இருக்கும்.

என் புருஷன் ரெய்னோவுக்கு இந்தப் பெருமையெல்லாம் கிடையாது. "ஜன்னல் எதுக்கு வெச்சிருக்கு? எட்டிப் பார்த்தா தெரியாதா?"ன்னு நக்கல் பண்ணுவாரு. ஆனா ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னால, ஏரியோட குறுகலான இடத்துல ஐஸ் சன்னமா இருக்குன்னு வெண்டெல் சொன்னதுக்கு மறுநாள், வண்டியில மீன் பிடிக்கக் கிளம்பின மனுஷன் பாதி வழியிலயே திரும்பி வந்துட்டாரு. கேட்டா, மீன் தின்னு அலுத்துப்போச்சாம். பின்லாந்து ரத்தம், அதுக்கு மீன் அலுக்குமா?

இந்த வருஷம் தலைநகரத்துலேர்ந்து வந்துக்கிட்டிருந்த பணம் நின்னுபோச்சு. நிர்வாகக் குழு கூடிப் பேசி, டிசம்பர் மாச நிதி வாரத்துல போதுமான அளவு சேரலேன்னா வடக்குக் கோபுரத்தை அணைச்சுடறதுன்னு முடிவு பண்ணிடுச்சு. வடக்குன்னா எங்க பக்கம். கேபிள் வராது, செல்ஃபோனுக்குச் சிக்னல் கிடையாது. கோபுரம் போச்சுன்னா ஆறு மணிக்கு எங்க வீட்டுல வெறும் இரைச்சல்தான். ஐஸ் மேல போறவன் அவனவன் தலையெழுத்தை நம்பித்தான் போகணும்.

நிதி வாரம்னா, நல்ல படத்தைப் பாதியில நிறுத்திட்டுக் கையேந்துற வாரம். ஸ்டுடியோவுல ரெண்டு வரிசையா ஃபோன் வெச்சுக்கிட்டு நாங்க உக்காந்திருப்போம். இந்தத் தடவை வெண்டெல் பதட்டத்துல ஒரு யோசனை பண்ணாரு. பணம் தர்றவங்க பேரை அப்பப்போ டிவியிலயே வாசிச்சு நன்றி சொல்லப் போறாராம். நான் அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன். அவரு தெற்க சோளம் விளையற அயோவாக்காரரு. இத்தனை காலம் எங்களோட குப்பை கொட்டியும் எங்களைப் புரிஞ்சுக்கல.

எங்க பக்கத்துல ஒருத்தன் திருடி மாட்டிக்கிட்டாக்கூட சமாளிச்சுடுவான். தானம் பண்ணி மாட்டிக்கிட்டா அவ்வளவுதான், மானம் போச்சு. விடியறதுக்குள்ள உங்க வாசல்ல கிடந்த பனியை யாரோ தள்ளிவிட்டுப் போயிருப்பான். டயர் தடத்தைப் பார்த்தா யாருன்னு தெரியும். ஆனா நன்றி சொல்லக் கூடாது. பத்து நாள் கழிச்சு அவன் வண்டி சீட்டுல புகை போட்ட மீனை ஒரு பையில வெச்சுட்டு வந்துடணும். அவனும் கேக்க மாட்டான். இதுதான் எங்க மரியாதை.

முதல் ஃபோன் ஆர்விட் கங்காஸ். பால்மாடு வெச்சிருக்கிற கிழவர். நான் எழுதிக் குடுத்தேன், வெண்டெல் கேமராவைப் பார்த்து வாயெல்லாம் பல்லா, "நம்ம ஆர்விட் கங்காஸ் அவர்களோட பெரிய மனசுக்கு நன்றி"ன்னு வாசிச்சாரு. அடுத்த நிமிஷமே ஆர்விட் மறுபடியும் லைன்ல.

"ஏம்மா ஆர்டிஸ், டிவி இருக்கணும்னுதான் பணம் குடுத்தேன். டிவியில நான் இருக்கணும்னு குடுக்கல. என் பேரை அடிச்சிடு. பணத்தையும் சேர்த்து அடிச்சிடு."

அதோட ஃபோன் செத்துப்போச்சு. மறுநாளும் அப்படித்தான். ஈ ஓட்டலாம்னா அந்தக் குளிர்ல ஈ கூட இல்ல. வெண்டெல் விளக்கு வெளிச்சத்துல வேர்த்து விறுவிறுத்துப்போய், வராத ஃபோனைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே நின்னாரு. பார்க்கவே பாவமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா ரெய்னோ வேற, "என்ன, உங்க சோளக்காட்டுக்காரரு ஊர்ல எல்லாரையும் பெரிய மனுஷன் ஆக்கிட்டாரா?"ன்னு குத்திக் காட்டுனாரு. அன்னிக்கு அவரு தட்டுல ஒரு கரண்டி குறைச்சுத்தான் வெச்சேன்.

மூணாம் நாள் வெண்டெலைத் தனியாப் பிடிச்சு, பனி தள்ளுற கதையையும் புகை மீன் கதையையும் சொல்லிட்டு, "பேர் வாசிக்காதீங்க, வெண்டெல்"னு கேட்டுக்கிட்டேன். சரி, இனிமே வாசிக்கலன்னு அறிவிச்சுடறேன்னாரு. அது போதாதுன்னேன். ஃபோன் எடுக்கிற எனக்குக் குரல் தெரியும். எனக்குத் தெரிஞ்சா பஸ்ஸுக்கே தெரிஞ்ச மாதிரின்னு ஊர்ல ஒரு பேச்சு. அது சுத்தப் பொய், இருந்தாலும் பேச்சு பேச்சுதானே. அதுக்கப்புறம் அவரு பண்ணின காரியம் இருக்கே, அதுக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

அன்னிக்கு ஆறு மணிக்கு ஐஸ் அளவெல்லாம் சொல்லி முடிச்சுட்டு, அதே குரல்ல சொன்னாரு: "நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு நாங்க எல்லாரும் ஊர் ஏரி மேல நிப்போம். நேரடி ஒளிபரப்பு. இருட்டுற வரைக்கும் அங்கதான். ஸ்டேஷன்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. கதவு பூட்டு ரிப்பேர். உள்ள ஒரு மீன் வாளி இருக்கும்."

பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு.

மறுநாள் ஏரி மேல போய் நின்னோம். ஒளிபரப்பை மெஷின் பாத்துக்கிச்சு. வெண்டெல் ஐஸைத் துளைச்சுக்கிட்டே எங்களை ஒவ்வொருத்தரா கேமராவுல காட்டுனாரு. "இதோ ஆர்டிஸ். இதோ கணக்குப் பார்க்கிற வெர்னா. இதோ வாசல்ல உக்கார்ற அம்மா"ன்னு, பஸ்ல ஏறின பிள்ளைங்களை எண்ணுற மாதிரி, கால் மணிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப. அத்தனை பேரும் இங்கதான் இருக்கோம், அங்க பார்க்கிறதுக்கு ஆளே இல்லன்னு ஊருக்கே கண்ணால காட்டிக்கிட்டிருந்தாரு. எனக்கு மூக்கு நுனி மரத்துப்போச்சு. ஆனா அந்த இடத்தை விட்டு அசையணும்னு தோணல.

ஸ்டேஷன் வாசல்ல நடந்த கூத்தை அப்புறமா அரசல் புரசலா கேள்விப்பட்டேன். ஒரே நேரத்துல நாலு வண்டி வந்து நின்னுடுச்சாம். ஒருத்தன் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ள எதையோ தேடுனானாம். ஒருத்தன் பூட்டு ரிப்பேர் பண்ண வந்தேன்னு கையில ஸ்பேனரைக் காட்டுனானாம். யாரும் யாரையும் பார்க்கவே இல்ல.

இருட்டினதும் திரும்பி வந்தோம். வாளி நிரம்பி வழிஞ்சு, பக்கத்துல யாரோ ரெண்டாவது வாளி கொண்டுவந்து வெச்சு, அதுவும் நிரம்பியிருந்துச்சு. பேர் போடாத கவர், கசங்கின நோட்டு, ரப்பர் பேண்ட் போட்ட சுருள். சாணி வாசனையோட ஒரு கட்டு இருந்துச்சு. அது யாரோடதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஓரமா பெர்ரிப் பழம் வெச்சுச் சுட்ட பெரிய பலகாரம் ஒண்ணும் இருந்துச்சு.

அடியில ஒரு நீல காபி டின். ஒரு பக்கம் நசுங்கினது, மூடியில பெயின்ட் துளி காஞ்சுபோய் ஒட்டியிருந்துச்சு. எங்க கராஜ்ல, பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு ரெய்னோ ஒளிச்சு வெச்சிருந்த டின். படகுக்குப் புது மோட்டார் வாங்கணும்னு வருஷக்கணக்கா சேர்த்த காசு அதுல இருந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

வெண்டெல் டின்னை எடுத்தாரு. என் முகத்தைப் பார்த்தாரு. வேற நாளா இருந்தா கேட்டிருப்பாரு. அன்னிக்கு டின்னை மெதுவா மேஜை மேல வெச்சுட்டு, பழப் பலகாரம் ஆறிப்போயிடுச்சே, சூடு பண்ணலாமான்னு மட்டும் கேட்டாரு. அன்னிக்குத்தான் அவரு எங்க ஊர்க்காரரு ஆனாரு.

வீட்டுக்கு வந்தப்போ ரெய்னோ டிவிக்கு எதிர்ல காலை நீட்டி உக்காந்திருந்தாரு. மத்தியானம் பூரா விறகு பிளந்தாராம். விறகு நேத்து இருந்த அளவுதான் இருந்துச்சு.

"ஏதாவது தேறுச்சா?"ன்னாரு.

"தேறுச்சு. யாரு குடுத்தாங்கன்னு தெரியல."

"விவரமான ஆளுங்க"ன்னு சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிக்கிட்டாரு. அவரு தட்டுல ஒரு கரண்டி கூடவே வெச்சேன்.

வாரக் கடைசியில கணக்கு முடிஞ்சுது. வெண்டெல் ஆறு மணிக்கு வந்தாரு. "குறுகல்ல நாலு அங்குலம். நடக்கலாம், வண்டி வேண்டாம். ஊர் ஏரியில ஏழு. வடக்குக் கோபுரம் அணையாது. நாளைக்குக் காத்து மேற்கேர்ந்து." அவ்வளவுதான். நன்றின்னு ஒரு வார்த்தை வரல. அந்த நேரத்துல அவரை எழுந்துபோய்க் கட்டிப்பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

மே மாசம் ஐஸ் உருகி ஏரி திறந்ததும் நானும் ரெய்னோவும் படகை இறக்கினோம். பழைய மோட்டாரு ரெண்டு இழுப்பு இழுத்ததும் இருமிட்டு நின்னுபோச்சு. ரெய்னோ அதைக் கழட்டிக் கரையில போட்டுட்டு, துடுப்பைக் கையில எடுத்தாரு.

"மோட்டார் சத்தத்துக்கு மீனு ஓடிடுது"ன்னாரு.

"ஆமாங்க, சத்தம் மீனுக்கு ஆகாது"ன்னு சொல்லிட்டு, இன்னொரு துடுப்பை நான் எடுத்துக்கிட்டேன்.