எலும்பக்காவின் டைனோசர்

அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில், பாறையைச் சுரண்டி எலும்பைப் பிரித்தெடுக்கிற வேலையில் இருபது வருடம் குனிந்தே கிடந்தவள் அவள். எல்லோருக்கும் எலும்பக்கா. ஒருமுறை பதவி உயர்வு கேட்டபோது, புதிதாகக் கிடைத்த டைனோசர் ஒன்றுக்கு அவள் பெயரை வைத்துச் சமாளித்துவிட்டார்கள். அவளும் உச்சி குளிர்ந்துபோனாள், அதுதான் கொடுமை. கன்றுக்குட்டி உயரம்தான் அது. "கோழி மாதிரில்ல இருக்கு" என்று சிரித்த நாத்தனார்கூட, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதன் படத்தைக் காட்டாமல் விட்டதில்லை.

அருங்காட்சியக இயக்குநர் பெயரில் இருந்ததோ பூதாகாரமானது; தலை ஒரு கூடத்தில், வால் அடுத்த கூடத்தில். அவர் ஜாடை காட்ட, மாணவர்கள் வைத்த பெயர்.

அவை இரண்டும் கிடைத்த அதே கல்குவாரியிலிருந்து இப்போது இன்னோர் எலும்புக்கூடு வந்து சேர்ந்தது. அளவு இரண்டுக்கும் நடுவில். முகம் அக்காவுடையதைப் போல, முதுகு இயக்குநருடையதைப் போல.

"எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம் அக்கா," என்றார் இயக்குநர். "உங்களோடது தனி இனமே இல்ல. என்னோடதோட குட்டி. தொடையெலும்ப வெட்டிப் பாத்துடுங்களேன்."

"அப்போ என் பேரு சார்?"

"ஒரே விலங்குக்கு ரெண்டு பேர் இருந்தா, முதல்ல அச்சான பேர்தான் நிக்கும். அதான் விதி." முகத்தில் துக்கம் காட்டப் பார்த்தார், வரவில்லை. முதலில் தோண்டியெடுத்தது அவருடையது. முதலில் அச்சானதும் அதுவாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள்.

எலும்பை வெட்டத் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். தன் பெயரைத் தன் கையாலேயே அறுக்க வேண்டும். 'தனி இனமாவே இருந்துடேன்' என்று எலும்பிடம் கெஞ்சிக்கொண்டே அறுத்தாள். துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தாள். வளர்ந்து முடிந்த விலங்கென்றால் எலும்பின் ஓரத்தில், வருடத்துக்கு ஒன்றாக விழும் வளையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். இங்கே தள்ளித் தள்ளி நின்றன. குட்டியேதான். புதிய எலும்புக்கூடோ அந்தக் குட்டிக்கும் பெரியதுக்கும் நடுவில் கச்சிதமாகப் பொருந்தியது. அழுகை வந்தது, அழுதாள்.

அறிக்கைப் படிவத்தில் இரண்டு பெயர்களும் அச்சான தேதியைக் கேட்டிருந்தார்கள். பழைய இதழ்களைத் தேடிப் புரட்டினாள். அவளுடையது மார்ச். இயக்குநருடையது மே. அட்டைப்படத்தில் தன் முகம் எடுப்பாக விழவில்லை என்று அவரே அந்த இதழை இரண்டு மாதம் நிறுத்தி வைத்திருந்தார்.

மறுநாள் அந்தத் தேதிகளை இயக்குநர் கண்ணாடி போட்டுக்கொண்டும் கழற்றிவிட்டும் படித்தார்.

"அவசரப்பட வேணாம் அக்கா," என்றார் மெதுவாக. "எத்தனை இனம் இருக்கோ அத்தனை பெருமை நமக்கு. ரெண்டும் வேற வேறயாவே இருந்துட்டுப் போகட்டும். உங்க பேரும் இருக்கும், என் பேரும் இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?"

முந்தின நாள் எலும்பிடம் அவள் கெஞ்சியதும் இதைத்தான். அதையே அவர் வாயால் கேட்டபோது அவளுக்குக் கூசியது.

"இல்ல சார். ரெண்டும் ஒண்ணுதான். என் கண்ணால பாத்துட்டேன்."

"அவ்வளவு பெரிய மிருகத்துக்குப் போயி உங்க பேரா?"

"ஆமா சார்," என்றாள். அறிக்கையை அவர் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.

அவர் தன் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். இனி அந்தக் கட்டிடத்தில் அந்தப் பெயருக்கு அவ்வளவு இடம்தான்.