ஐந்து குழாய் வாய்கள்

“தேன்கூடுன்னு சொன்னியே மாப்ள, எங்க?”

“மழையில கரைஞ்சிருக்கும் மாமா.”

அணைக் காவலர் தன் மனைவியின் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். வெல்டரான அவன், சொந்த அக்கா வீட்டுத் தகரம் ஒழுகியபோது நாலு தடவை கெஞ்சிய பிறகே வந்தவன். போன மாதம் மட்டும் குழாய் வாயில் இருக்கும் தேன்கூட்டைக் கலைக்கிறேன் என்று கூப்பிடாமலே அணைக்கு வந்து நின்றான். “நான் பாத்துட்டேன் மாமா, எல்லாம் சுத்தம், எழுதிக்குங்க” என்றான். அவரும் அறையை விட்டு எழாமலே ‘குழாய் வாய்கள் திறந்துள்ளன’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

அணையின் உபரி நீர் வெளியேறும் வழிந்தோடியின் மேல் ஐந்து கான்கிரீட் பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்து, ஓர் ஆள் உயரத் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்கி வைத்திருந்தன. ஒவ்வொன்றோடும் ஓர் இரும்புக் குழாய் நின்றது. வெள்ளம் அதன் வாயைத் தொட்டால் உள்ளே இறங்கி, பெட்டியை அடியிலிருந்து நெம்பிக் கவிழ்த்துவிடும். நீருக்கு வழி கிடைக்கும், அணையின் மண் கரை தப்பும். இப்போது முதல் குழாயின் வாய்க்கு ஒரு சாண் கீழே நீர் நின்றது.

காவலர் நடைபாலத்தின் கம்பியைப் பிடித்து அந்த முதல் குழாயின் பக்கம் குனிந்தார். திறந்த குழாயில் விழும் மழை எங்கோ ஆழத்தில் முணுமுணுக்கும். இதில் சமையலறைத் தட்டு போல ‘டண் டண்’ என்றது. வாயை மூடிய தகட்டின் விளிம்பில் மீன் செதில் போன்ற வெல்டிங் தழும்பு வரிசை. வீட்டு கேட்டில் தினமும் பார்க்கும் அதே கைவேலை.

“ஒரு பெட்டி கவிழ்ந்தாலே கீழ ஆத்தங்கரையில இருக்கற என் பட்டறை வெள்ளத்தோட போயிடும் மாமா.”

“கரை போனா உன் அக்காவும் போயிடுவாடா. ஊரே போயிடும்.”

அவன் நனைந்த செருப்பைப் பார்த்தான்.

“இது ஒண்ணைத்தானே மூடினே?”

“ஒண்ணை மட்டும் மூடி என்ன பிரயோஜனம்?”

மற்ற நான்கிலும் மழை ஒரே சுதியில் தட்டிக்கொண்டிருந்தது. குழாய்களுக்கு இறங்கும் ஏணி, பாலத்தின் மறுமுனையில் இருந்தது. தகட்டை அறுக்கும் கேஸ் கட்டர் அவன் வண்டியில், வண்டிச்சாவி அவன் மூடிய கைக்குள்.

காவலர் கையை நீட்டினார்.

“கட்டரை எடுத்துட்டு வா மாப்ள. இல்ல, சாவியையாவது குடு.”