பெயர் சொல்லாமல் அரைத்த மிளகாய்

மோகன்குமாருக்குக் கோபம் வந்தால் முதலில் காதுமடல்தான் சிவக்கும். மணிக்கு அறுபது ரூபாய் வாங்கும் அந்தக் காந்திபுரம் பிரவுசிங் சென்டரில் அன்று அவனுக்கு இரண்டு காதும் சிவந்து கிடந்தன. திரையில் ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம். சொன்னபடி கொடுத்துவிட்டேன். எல்லாம் அந்தச் சின்னக் கையில் இருக்கிறது.

"குடுத்துப்போட்டாளாமா? எங்க குடுத்தா?" என்று கம்ப்யூட்டரையே கேட்டான். பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் அவன் கணக்கெழுதிக்கொண்டிருந்த நூல் மில்லை மூடிய பிறகு, சும்மா உட்காராமல் பிடித்த தொழில் இது. உக்கடத்தில் பழைய பித்தளைச் சாமான் விற்கும் பீர் முகம்மதுவிடம் நல்ல பொருளாக ஒன்றிரண்டைக் கடனுக்கு எடுப்பான். படம் பிடித்து இன்டர்நெட்டில் நடக்கிற ஏலத்தில் போடுவான். நம் ஊரில் பரணில் கிடக்கிற சாமானுக்கு வெளிநாட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டு விலை ஏற்றுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். நிபந்தனையெல்லாம் கறாராகத்தான் போட்டிருந்தான். பத்து நாளுக்குள் பேங்க் டிராப்ட் வரவேண்டும், ரொக்கம் கூடாது, பணம் வந்த பிறகுதான் பொருள். எல்லாம் கொட்டை எழுத்தில்.

இந்த முறை ஏலத்துக்குப் போட்டது கிளிமூக்கு வைத்த ஒரு பாக்குவெட்டி. அளவு தெரியட்டும் என்று ஐந்து வயது மகள் கனிஷ்காவின் கையில் கொடுத்துப் படம் எடுத்தான். படத்தில் அந்தக் கை மட்டும்தான் இருந்தது. முந்நூறு டாலருக்கு அதை எடுத்த ஆளுக்குப் பெயர் கிடையாது. ஒரு புனைபெயர், அதன் பின்னால் நாலு எண், அவ்வளவுதான். விலையைப் பற்றியோ தபால் செலவைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்காமல், முதல் கடிதத்திலேயே அந்த ஆள் கேட்டது இதைத்தான்: படத்தில் இருக்கும் கை யாருடையது?

என் மகளுடையது என்று மோகன்குமார் பெருமையாக எழுதினான். அழகான கை, பணம் புறப்பட்டுவிட்டது என்று மறுநாளே பதில் வந்தது. இப்படிக் குழைந்து எழுதுவது பெண்ணாகத்தான் இருக்கும் என்று இவனாகவே முடிவு செய்துகொண்டான். அந்தக் குழைவில் மயங்கி, தான் போட்ட நிபந்தனையைத் தானே தூக்கி எறிந்துவிட்டு, பாக்குவெட்டியைப் பார்சல் கட்டி அனுப்பியும் விட்டான்.

சில வாரம் கழித்துத் தபாலில் வந்தது டிராப்ட் அல்ல, ஒரு துணிப் பொம்மை. கம்பளி நூல் தலைமுடி, பொத்தான் கண், தைத்து மூடிய வாய். அந்தக் கைக்கு என்று ஒரு துண்டுக் காகிதம் மட்டும் கூட இருந்தது. மோகன்குமார் பெட்டியைக் குலுக்கினான், சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தான். டிராப்ட் இல்லை. கனிஷ்கா பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், சாப்பிடும்போதுகூட அதைக் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து வந்ததுதான் இந்த இரண்டு வாக்கியம். ஏலம் நடத்துகிறவர்களுக்குப் புகார் அனுப்பினால் வருந்துகிறோம் என்று இயந்திரம் பதில் எழுதியது. அந்தப் புனைபெயருக்கு நேரே 'ஏமாற்றுக்காரி' என்று குறிப்பும் எழுதிப் பார்த்தான், ஆத்திரம் அடங்கவில்லை. பீர் முகம்மது வேறு, "அவசரமில்லைங்க, மெதுவாக் குடுங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் ஆனைமலைக்குப் போயிட்டு வாரேன்" என்றான் மனைவியிடம்.

லோகநாயகிக்குப் புரிந்துவிட்டது. அவள் பிறந்ததே ஆனைமலைப் பக்கம். பறிகொடுத்தவர்களும் ஏமாந்தவர்களும் மாசாணியம்மன் கோவிலுக்குப் போய், வரமிளகாயை அரைத்து அங்குள்ள கல்லில் பூசி முறையிடுவார்கள். ஏமாற்றியவன் எங்கே இருந்தாலும் எரியும் என்பது நம்பிக்கை. கேட்டது கிடைத்துவிட்டால் அரைத்தவரே திரும்பிப் போய் எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனைக் குளிர்விக்க வேண்டும்.

"வேண்டாமுங்க. பேரு தெரியாதவங்க மேல மொளகா அரைக்கப்படாதுங்க."

"ஆத்தாளுக்குத் தெரியாத பேரா?"

"ஆத்தாளுக்குத் தெரியுமுங்க. நீங்க ஆரக் கேக்கறீங்கன்னு உங்களுக்குத் தெரியோணுமல்லங்க?"

இவன் காதில் அது ஏறவில்லை. காதுதான் சிவந்திருந்ததே.

கோவிலில் கல்லருகே மிளகாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் சென்னியம்மாள் என்கிற நடுவயதுப் பெண். மணிக்கட்டு வரைக்கும் கை காய்த்துப் போயிருந்தது. "ஆரு மேலீங்க?" என்று கேட்டாள்.

"பேரு தெரியாதுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப பாத்துச் சொல்லுங்க. வாயில வாரதுதான் போயிச் சேரும்."

மோகன்குமார் அரைத்தான். நெடியில் கண்ணும் மூக்கும் ஒழுகின. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "என்ற பணம் ஆரு கையில இருக்குதோ, அந்தக் கை எரியட்டும்." சொல்லிமுடித்ததும் நெஞ்சுக்குள் இதமாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அப்படியொரு இதம் அவனுக்கு வெகுநாளாகக் கிடைத்ததில்லை. கையை மோர் ஊற்றிக் கழுவினான், சோப்புப் போட்டும் கழுவினான். வரும் வழியில் கிணத்துக்கடவில் பஸ் நின்றபோது மகளுக்கு நுங்கு வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை கனிஷ்கா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "அப்பா, எரியுதுப்பா."

வலது உள்ளங்கை சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை, தடிப்பு இல்லை. மிளகாய் அரைத்த கையோடு தொட்டீர்களா என்றுதான் லோகநாயகி முதலில் கேட்டாள். அவன் தன் கையை முகர்ந்து பார்த்தான், சோப்பு வாசம் மட்டும் அடித்தது. தேங்காய் எண்ணெய் தடவினார்கள், வெண்ணெய் தடவினார்கள். குழந்தை ஒரு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு மறுகையில் பொம்மையை அணைத்தபடி அழுதாள். சிரிக்காத அந்தப் பொம்மை அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு இவனையே பார்த்தது.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் எரிச்சல் நின்றுபோயிற்று. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் களிம்பு எழுதினார். கனிஷ்கா அவர் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை வைத்து விளையாடினாள். வீட்டு வாசலில் கால் வைத்து, கட்டிலில் கிடந்த பொம்மையை ஓடிப்போய் எடுத்தவள், வீறிட்டாள்.

"அந்தச் சனியனைத் தூக்கி வீசுங்க!" என்றாள் லோகநாயகி.

"பொம்மை வந்து இத்தன நாளாச்சு. நேத்து வரைக்கும் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லும்போதே மோகன்குமாருக்கு உறைத்தது. நேற்றுத்தானே அரைத்தான். யார் கையில் பணம் இருக்கிறதோ என்றுதானே சொன்னான். எல்லாம் அந்தச் சின்னக் கையில் இருக்கிறது என்று அவளும் எழுதியிருந்தாளே. கேலி செய்கிறாள் என்று நினைத்தான், பாவி.

சமையலறைக்குப் பொம்மையைக் கொண்டுபோய் அரிவாள்மணையில் வயிற்றைக் கிழித்தான். பஞ்சு வந்தது. பஞ்சுக்கு நடுவே, ரப்பர் பேண்டு போட்டு விரல் மொத்தத்தில் சுருட்டிய டாலர் நோட்டு. டிராப்ட் எடுக்க பேங்குக்குப் போகச் சோம்பியவளோ, தபால்காரர்களுக்குப் பயந்து ரொக்கத்தை ஒளித்து வைத்தவளோ, அது அவளுக்குத்தான் வெளிச்சம். கொட்டை எழுத்தில் போட்ட நிபந்தனையை மதிக்கவில்லையே தவிர, அவள் ஏமாற்றவில்லை. பணம் இவன் மிளகாய் வாங்குவதற்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்துவிட்டது.

சுருளை வலது கையில் எடுத்தான். தணலை அள்ளியது மாதிரி இருந்தது. கூடத்தில் அழுகை பட்டென்று நின்றது.

"அப்பா, நின்னுபோச்சு!" என்றாள் கனிஷ்கா.

அவனால் தாங்க முடியவில்லை. கீழே போட்டான். கூடத்திலிருந்து அலறல் வந்தது. எடுத்தான், அலறல் நின்றது. சட்டைப்பைக்குள் போட்டுப் பார்த்தான், மறுபடி அலறல். பொம்மைக்குள் இருந்தவரை தொட்டால்தான் எரிந்தது; வெளியே வந்த பிறகு, கையில் பிடிக்க வேறு யாரும் இல்லாவிட்டால் அது அவள் கைக்கே போனது. அவளுக்கென்று அனுப்பியதுதானே. மோகன்குமார் சுருளை எடுத்து இறுக்கி மூடிக்கொண்டான், வாய்விட்டு அழுதான்.

சமையலறை வாசலில் நின்ற லோகநாயகி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். "இங்க கொண்டாங்க, நான் வெச்சிருக்கறேன். நீங்க போயிக் காப்புப் பண்ணிப்போட்டு வாங்க."

"நீ புள்ளையப் பாரு. அரைச்சது நானு."

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினான். இடது கையால் டிக்கெட் வாங்கினான், இடது கையால் கம்பியைப் பிடித்தான். மூடிய வலது கைக்குள் தீ ஏறி முழங்கை வரை வந்திருந்தது. கைக்கு என்னங்க ஆச்சு என்று கண்டக்டர் கேட்டதற்குச் சுளுக்கு என்றான். விரல் தளரும்போதெல்லாம் மகள் முகம் கண்முன் வந்து நின்றது, மறுபடி இறுக்கினான். பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று ஆள் ஏற்றியது. ஓட்டுநரின் காலைப் பிடித்துக் கெஞ்சலாமா என்றுகூட நினைத்தான்.

கோவிலில் சென்னியம்மாள் அதே இடத்தில் இருந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

"பணம் வந்துருச்சுங்களா?"

"மொதல்லயே வந்துருக்குதுங்க. நாந்தான் பாக்கல."

அவள் மிளகாய் அள்ளுவதை நிறுத்தினாள். "அரைக்கறதுக்கு முன்னாலயேவா?"

"ஆமாங்க. என்ற புள்ள கையில இருந்துருக்குது."

அள்ளியிருந்த மிளகாயைத் திரும்பக் கொட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அரைச்ச கையாலதான் எண்ணெ ஊத்தோணும்."

மோகன்குமார் தன் வலது கையைப் பார்த்தான். அரைத்தது இரண்டு கையாலும், அதனால் இடது கைக்கு மாற்றியும் பயனில்லை; ஊற்ற வேண்டுமானால் விரலைத் திறக்க வேண்டும். திறந்தால் அங்கே வீட்டில் குழந்தை துடிப்பாள். எண்ணெய் ஊற்றி, பூசி, கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் துடிப்பாள். எரிகிற கையை இவ்வளவு தூரம் சுமந்து வந்தவனுக்கு அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டத் தெம்பில்லை. கிண்ணத்தோடு அப்படியே நின்றான்.

"குடுங்க" என்று சென்னியம்மாள் கை நீட்டினாள்.

"வேண்டாமுங்க. உங்களுக்குத் தெரியாது, இது..."

"எத்தன ஊட்டு மொளகா அரைச்ச கை கண்ணு இது. இதுக்கு ஒண்ணும் தெரியாது. குடு."

கொடுத்தான். அவள் விரல்கள் மூடிக்கொண்டன. அவன் ஓடிப்போய் எண்ணெயை ஊற்றினான், கல் நனைய நனையப் பூசினான். கிடைத்துவிட்டது, தப்பு என்னுடையது, குளிர்ந்து போ தாயே என்று சத்தமாகச் சொன்னான். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது சென்னியம்மாளின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுருளை நீட்டினாள். அது இப்போது வெறும் காகிதமாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது.

கோவிலுக்கு வெளியே எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு லோகநாயகியைக் கூப்பிடச் சொன்னான்.

"தூங்கறாளுங்க" என்றாள் அவள்.

"நடுவுல அழுதாளா? இப்பத்தான், சித்த முன்னால?"

"இல்லீங்க. நீங்க போனதுல இருந்து ஒருக்காக்கூட அழுகலீங்க."

அவன் போனை வைத்துவிட்டு உள்ளே ஓடினான். சென்னியம்மாள் வலது கையைத் தண்ணீர்ப் பானைக்குள் தோள்வரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் காலில் விழப்போனான். அவள் இடது கையால் தள்ளிவிட்டாள். அவளுக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள், காதெல்லாம் சிவக்க, மிளகாய்க்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஆரு மேலீங்க?" என்று கண்ணைத் திறக்காமலே சென்னியம்மாள் கேட்டாள்.

"பேரு தெரியாதுங்க. ஆருன்னே தெரியாது."

"ஏனுங்க" என்றான் மோகன்குமார். "ஒருக்கா உங்க ஊட்டுல போயி நல்லாத் தேடிப் பாத்துப்போட்டு வாங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேனுங்க."

அந்த ஆள் அவனைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். பிறகு குனிந்து மிளகாயைத் தானே அள்ளிக் கல்லில் போட்டு, அரைக்க ஆரம்பித்தார்.