மீட்டர் போர்டுக்குள்

பத்து போல்ட்டுகளில் ஒன்பது கழன்றுவிட்டன. பத்தாவது அசையவில்லை. யேசுதாஸ் ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி, பம்பரில் காலை ஊன்றி, முதுகால் இழுத்தான். போல்ட் முனகிக்கொண்டு திரும்பியது.

சிலிண்டர் ஹெட்டைத் தூக்கிப் பலகையில் வைத்தான். ஆயிலில் தண்ணீர் கலந்து, பால் விட்ட காப்பி நிறத்தில் பிசுபிசுத்தது. இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து எதிர்ப்பக்கம் டார்ச் அடித்தான். ஸ்கேலுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகியது. ஹெட் வளைந்துவிட்டது.

வெளியே இன்னும் விடியவில்லை. பிள்ளையார்பாளையத்து வீடுகளில் பட்டுத் தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு அவன் கை தானாக ஓடும். இன்று ஒரே நட்டை இரண்டு முறை கீழே போட்டான்.

ரேடியேட்டரை இறக்கி, மேல் மூடியை அறுத்துத் திறந்தான். உள்ளே குழாய்களின் வாய் அனைத்திலும் வெள்ளையாக உப்பு. போர்வெல் தண்ணீர். வெள்ளிக்கிழமைதோறும் டிரைவர்கள் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். கழுவிய பைப்பாலேயே ரேடியேட்டரையும் நிரப்புவார்கள். வண்டிக்கு நல்லது செய்வதாக நினைப்பு. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் வாங்கித் தராத முதலாளி சிவராஜுக்கு அந்த பக்தி பிடித்திருந்தது.

அவரிடம் ஆறு வண்டிகள். ஆறும் சின்ன எஸ்யூவி. பத்து வயதைத் தாண்டியவை. சென்னையிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களைக் கூட்டிவந்து, கடையும் கோயிலும் காட்டி, திரும்பக் கொண்டுபோய் விடுபவை. யேசுதாஸ் பதினோரு வருடமாக அவருடைய மெக்கானிக். ஷெட் அவர் வீட்டின் பின்புறம். வீட்டுக்குள் அவன் போனதில்லை.

மூன்று நாட்களுக்கு முன் தென்னேரி அருகே இந்த வண்டி கொதித்து நின்றது. டிரைவர் அர்ஜுனன் பானெட்டைத் திறந்தபோது ஹோஸ் வெடித்தது. வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது.

சிவராஜ் பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

"இன்னா யேசு, ஹெட்டு போச்சா?"

"வளைஞ்சிட்டுது மொதலாளி. லேத்துல சீவணும். கேஸ்கெட், ரேடியேட்டர், வாட்டர் பம்பு... எழுபதாயிரத்துக்குக் கொறையாது."

"வண்டியே ரெண்டு லட்சம் போவாதுய்யா." வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "சரி, லைட்டு எரிஞ்சும் நிறுத்தாம ஓட்டினான்னு ஸ்லிப்புல எழுதிக் கையெழுத்து போடு. அர்ஜுனன் சம்பளத்துல மாசம் ஆறாயிரம் புடிச்சிக்கிறேன். முடியறவரைக்கும் அவன் லைசென்ஸ் நம்ம பீரோவுலயே இருக்கட்டும்."

"லைட்டு எங்க எரிஞ்சிது?"

"எரியலன்னு யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்." சிரித்தார். "முகூர்த்த நாளுய்யா. அஞ்சு வண்டிக்கும் ட்ரிப் இருக்குது. சீக்கிரம் போடு."

ரிப்பேர் ஸ்லிப் புத்தகத்தைப் பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த மாடலில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும். போன வருடம் ஒரு வண்டியில் அது எரிந்ததைப் பார்த்து, பெண் வீட்டுக்காரர்கள் வாலாஜாபாத்திலேயே இறங்கி வேறு வண்டி பிடித்தார்கள். ரெண்டு நாளைக்கு மூடி வை, ரேடியேட்டர் மாத்திடலாம் என்றார் சிவராஜ். யேசுதாஸ் மீட்டர் போர்டைக் கழற்றி, விளக்கின் முன்னால் கறுப்பு டேப் ஒட்டினான். வெளியிலிருந்து தெரியாது. பிறகு அடுத்த வண்டி. அதற்கும் ரெண்டு நாள்தான். பதினான்கு மாதம் ஆகிறது.

பேனாவின் மூடியைத் திறந்தான். மூடினான். எழுந்து போய்க் கையைக் கழுவினான். திரும்ப வந்து ஸ்லிப்பை எடுத்ததும் ஈர விரல் பட்டு மை பரவியது. தேதி மட்டும்தான் எழுதியிருந்தான்.

ஆறு மணிக்கு டிரைவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தியான பிரவீனா ஹெல்மெட்டைக் கழற்றியபடியே ரேடியேட்டரை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, கறியில போடற அளவுக்கு உப்பு இருக்குது?"

யாரோ சிரித்தார்கள். அப்போது அர்ஜுனன் கேட்டுக்குள் நுழைந்தான். வலது கையில் கட்டு. சிரிப்பு நின்றது.

"மொதலாளி, லைசென்ஸ் குடுத்துடுங்க. கை சரியானதும் வேற எடம் பாத்துக்கிறேன்."

வாசற்படியில் நின்ற சிவராஜ் யேசுதாஸைப் பார்த்தார். "எழுபதாயிரம் வெச்சிட்டு எடுத்துனு போ. யேசு, ஸ்லிப்ப காட்டு அவனுக்கு."

யேசுதாஸ் ஸ்லிப்பை எடுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். வண்டிக்குள் உட்கார்ந்து நான்கு திருகுகளைக் கழற்றி, மீட்டர் போர்டை வெளியே கொண்டுவந்தான். பின்மூடியைத் திறந்து நகத்தால் டேப்பை உரித்தான். அர்ஜுனனின் இடது உள்ளங்கையில் ஒட்டினான்.

"லைட்ட மூடினது நான்தான். அவர் சொன்னாரு. ஆனா ஒட்டினது என் கை."

அர்ஜுனன் டேப்பைப் பார்த்தான். பிறகு யேசுதாஸின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். யேசுதாஸ் பலகைமேல் போய் விழுந்தான்.

"தினமும் என்னோட டீ குடிச்சியேய்யா! ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லல."

"என் வண்டியில?" என்றாள் பிரவீனா.

"ஆறுலயும்."

"உப்புத் தண்ணி ஊத்தினது நீங்கதான?" சிவராஜின் குரல் உயர்ந்தது. "நானா ஊத்தினேன்? யேசு, இன்னியோட நீ வேணாம், கெளம்பு. மத்தவங்க வண்டிய எடுங்க, பார்ட்டி காத்துனு இருக்காங்க."

பிரவீனா தன் வண்டிக்குப் போனாள். ஏறவில்லை. குனிந்து லீவரை இழுத்து, பானெட்டைத் தூக்கி, கம்பியை முட்டுக்கொடுத்தாள்.

"விளக்கு எரியட்டும். ரேடியேட்டர் மாத்துங்க. அர்ஜுனண்ணன் லைசென்ஸ குடுங்க, ஆஸ்பத்திரி செலவ குடுங்க. யேசுண்ணன் இங்கதான் இருப்பாரு. அப்பறமா எடுக்கிறோம்."

"அந்தாளு பண்ண காரியத்துக்கு அந்தாளையே வெச்சிக்கணுமா?" என்று ஒரு டிரைவர் முணுமுணுத்தான்.

"வேற யாரு உண்மைய சொன்னா இங்க?"

இன்னொரு பானெட் உயர்ந்தது. முணுமுணுத்தவனுடையதும் உயர்ந்தது. நான்காவதும்.

"தனுஷ்!" சிவராஜ் கூப்பிட்டார். "நீ எடுப்பா. ஆயிரம் சேர்த்துத் தரேன்."

தனுஷுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. யாரையும் பார்க்காமல் ஏறினான். வண்டி நகர்ந்தது.

"போறான் பாரு," என்றாள் பிரவீனா. யாரும் மறிக்கவில்லை.

பாதி வண்டி தெருவிலும் பாதி கேட்டுக்குள்ளுமாக இருக்கும்போது பிரேக் பிடித்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் பால் வண்டி ஹாரன் அடித்தது. எஞ்சின் நின்றது. தனுஷ் இறங்கினான்.

"டேய், கேட்ட மறிச்சிக்கினு நிக்கிறியே!"

"லைட்டு எரியாத வண்டி மொதலாளி. எடுக்க பயமா இருக்குது." பானெட்டைத் திறந்தான். "யேசுண்ணா, மொதல்ல என்னுத பாரு."

சிவராஜ் போனை எடுத்தார். வாலாஜாபாத் ஸ்டாண்டிலிருந்து வேறு டிரைவர்களை அனுப்பச் சொல்லிக் கேட்டார். மறுபக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. இன்னொரு எண்ணைப் போட்டார்.

யேசுதாஸ் டூல்பெட்டியைத் தூக்கினான். இரண்டு பிடி உள்ள இரும்புப் பெட்டி. பலகையில் விழுந்த இடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பெட்டி கையிலிருந்து சரிந்தது.

மறுபிடியை அர்ஜுனன் இடது கையால் பற்றினான். யேசுதாஸின் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை நடுவில் வைத்து இருவரும் கேட்டில் நின்ற தனுஷின் வண்டியை நோக்கி நடந்தார்கள்.