பனானா பிளக்கும் ஒரு முழ ஒயரும்

1

கல்லூரி மலருக்கு ‘விஞ்ஞானமும் மனிதநேயமும்’ என்று கட்டுரை கேட்டார்கள். எனக்கு இரண்டும் தெரியாது. ஆவடி குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டு வேலுசாமியைத் தெரியும். அதனால் இது கதை.

முதல் தொடக்கம்: 1976இன் ரம்மியமான ஒரு மாலையில், ஏரியின் மீது...

நிறுத்திவிட்டேன். சால்டரிங் புகையில் கண் எரிந்துகொண்டிருந்த வேலுசாமி ஏரியைப் பார்த்ததே இல்லை.

2

வேலுசாமிக்கும் கஜபதிக்கும் தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். வெளிநாட்டுப் பத்திரிகைப் படம் ஒன்றைப் பார்த்து, பழைய ரேடியோக்களைப் பிரித்து, இரண்டு வருடமாக ஒரு தகரப் பெட்டிக்குள் சிந்தசைசர் என்ற மின்சார இசைக்கருவி செய்தார்கள். ஒரு பகுதி கூவும். இன்னொன்று அந்தக் கூவலை வடிகட்டி வெளியே விடும். எதை எதோடு இணைப்பது என்பது வாசிப்பவர் இஷ்டம். இணைக்கும் ஒயரின் முனையில் எதை மாட்டுவது என்பதில்தான் வினை.

“பனானா பிளக்தான் மாமே. ஒத்தக் குச்சி, ஒண்ணு மேல ஒண்ணு சொருவிகினே போலாம்” என்றார் வேலுசாமி.

“ஜாக் போடு. அதுல ரெண்டு கம்பி, சத்தத்தோட எர்த்தும் கூடவே வருது” என்றார் கஜபதி.

“எர்த்துக்குத்தான் தகரப்பொட்டி கீதே! இன்னாத்துக்கு ரெண்டு தபா?”

வேலுசாமி சொன்னது சரி. (பெட்டி ஒன்றாக இருக்கும்வரை.) ஆனால் கஜபதியைக் கேட்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது துளையையும் பனானாவுக்குப் போட்டுவிட்டார்.

கஜபதி ரம்பத்தோடு வந்தார். அண்ணன் தம்பி வீட்டைப் பாகம் பிரிப்பதுபோலப் பெட்டியை நடுவில் அறுத்தார்கள். தொழிற்சாலை ஆட்கள் அல்லவா, ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. கூவுகிற பாதி கஜபதிக்கு, வடிகட்டுகிற பாதி வேலுசாமிக்கு. டார்ச் செல்களும் ஆளுக்குப் பாதி. அதோடு பேச்சு நின்றது.

[இங்கே கஜபதியை நானே நம்பவில்லை. ஒரு பிளக்குக்காகவா? பிறகு எங்கள் ஹாஸ்டலில் ஒரு பக்கெட்டுக்காக மூன்று வருடம் பேசாமலிருக்கும் இருவரை நினைத்துக்கொண்டு தொடர்ந்தேன்.]

3

பதினோரு மாதம் கழித்துக் கஜபதிக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முதல்நாள் அவர் மனைவி வனஜா, இரண்டு பாதிகளையும் மனமகிழ் மன்றத்து மேஜைக்கு வரவழைத்தார்.

“போறதுக்குள்ள ஒரு தபா அத்த கேக்கணும்.”

பெட்டிகள் மேஜையின் இரு கோடியில். வேலுசாமி நீள ஒயரைச் சொருகினார். சத்தமில்லை.

“இன்னா, மெஷினும் பேச மாட்டேங்குதா?” என்றார் வனஜா.

மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பிவர வழி வேண்டும். அந்த வழிதான் எர்த், அதாவது தகரம். அதைத்தான் அறுத்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே நொடியில் புரிந்தது.

வனஜா எட்டி, கைக்கு ஒரு பெட்டியைத் தொட்டார். மெஷின் முனகியது. கையை எடுத்தார். நின்றது.

“நான் மூட்ட கட்டணும். நீங்க புடிச்சிக்கங்க.”

ஆளுக்கு ஒரு கை அவரவர் பெட்டியில். மீதி ஆளுக்கு ஒரு கை; அவை இரண்டும் தொட்டால்தான் வழி முழுசாகும். டார்ச் செல்தான், உயிருக்கு ஆபத்தில்லை. மானத்துக்குத்தான்.

4

இரண்டு தகரத்தையும் கொஞ்சம் கிட்டே நகர்த்தி ஒரு முழ ஒயரால் கட்டினால் தீர்ந்தது என்பீர்கள். உண்மை. அந்த ஒயர் மேஜைமேலேயே இருந்தது. இரண்டாம் பிரதியில் நான்தான் எடுத்து ஒளித்தேன்.

முடிவு அ: கைகோத்துக் கண்ணீர் விட்டார்கள். (அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: “நீ சொன்ன ஜாக்குதாண்டா...” (மேற்கொண்டு சொல்ல வேலுசாமி மறுத்துவிட்டார்.)

ஒயர் இந்தாருங்கள். நீங்கள் கொடுத்தால் சத்தம் சுத்தமாக வரும். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்கலாம். கொடுக்காவிட்டால், கைவழியே வந்தாலும் கரகரவென்றுதான் வரும்.

ரயில் நாளைக் காலை. வேலுசாமியின் இடது கை மேஜையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியிருக்கிறது.

அவசரப்பட்டு ஒயரை நீட்டிவிடாதீர்கள்.